சருகு பொறுக்கப் போகும் முன்

இயற்கைப் பொருட்களை வைத்துக் கலை செய்ய ஆசைப்பட்டு, பெங்களூரு அல்சூரில் இருக்கும் என் பட்டறைக்கு நம்ம பிள்ளைகள் நிறைய பேர் வருகிறார்கள். வரும்போதே ஒரு சாக்குப் பை நிறைய இலையும் பட்டையுமாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். நான் முதலில் கேட்பது, "இதை எங்கே எடுத்தீங்க? அங்கே இப்ப என்ன மிச்சம் இருக்கு?" என்றுதான். பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "கீழே கிடந்ததுதான் அக்கா."

அங்கேயே தவறு தொடங்கிவிடுகிறது. தார் ரோட்டில் உதிர்ந்த டபேபூயா பூவையும் தூங்குமூஞ்சி மரத்துக் காயையும் தாராளமாக எடுக்கலாம். விடிந்தால் அது குப்பை வண்டியில்தான் போகும், இல்லையென்றால் யாராவது கொளுத்துவார்கள். மண் மேல் கிடக்கும் சருகு அப்படியில்லை. ஒரு புங்கை மரத்தடியில் கையை விட்டுப் பாருங்கள். மேலே மொறுமொறுவென்று இருக்கும். இரண்டு விரற்கடை கீழே போனால் ஈரம். இலைகள் ஒன்றோடொன்று ஒட்டி, நடுவே வெள்ளை நூல் போலப் பூஞ்சை ஓடியிருக்கும், மரவட்டை சுருண்டு கிடக்கும். அதற்கும் கீழே இலை எது, மண் எது என்று பிரிக்க முடியாது. அந்த மரம் தனக்குத் தானே போட்டுக்கொண்ட மூடாக்கு அது. மேல் அடுக்கில் ஒரு பிடி எடுங்கள், அடுத்த பிடிக்கு வேறு மரம் பாருங்கள். கப்பன் பூங்காவும் லால்பாகும் தோட்டக்கலைத் துறையின் பொறுப்பில் இருப்பவை. அங்கே உதிர்ந்த பூவானாலும் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

ஏரிக்கரை ஈச்ச மரத்தில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூட்டை, "காலியாகத்தானே இருக்கு" என்று அறுத்து வருகிறார்கள். தூக்கணாங்குருவி விட்டுப்போன கூட்டில் சில்லைக் குருவிகள் குடியேறும். மரப்பட்டையில் சாம்பல் நிறத்தில் படர்ந்திருக்கும் லைக்கனைச் சுரண்டி எடுப்பதையும் விட்டுவிடுங்கள். பிரியாணியில் போடும் கல்பாசியின் உறவு அது. பல வகைகள் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். உள்ளங்கை அகலம் படர எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சரி, களைச்செடியை எடுத்தால் நிலத்துக்கு நல்லதுதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனேக்கல் பக்கம் நண்பரின் அரை ஏக்கரை நாங்கள் சிலர் பார்த்துக்கொள்கிறோம். முதல் வருடம் மே மாதத்தில் ஜேசிபி வைத்து உன்னிச்செடி முழுவதையும் ஒரே நாளில் வாரினோம். எனக்குக் கூடை பின்னக் குச்சி கிடைத்த சந்தோஷம். ஜூனில் இரண்டு மழை, சரிவில் இருந்த செம்மண் கரைந்து பக்கத்து ஓடையில் இறங்கிவிட்டது. அந்தப் புதரில் கூடு கட்டியிருந்த கொண்டைக்குருவிகளையும் அப்புறம் காணவில்லை. என் அவசரத்தால் நடந்தது அது, இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

இப்போது செடியைப் பத்தடி அகலக் கீற்றாகத்தான் எடுக்கிறோம். எடுத்த இடத்தில் புல்லும் புங்கைக் கன்றும் பிடித்த பிறகே அடுத்த கீற்று. வெறும் கிளையை வெட்டினால் முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். மண்ணுக்குச் சற்றுக் கீழே ஆணிவேரை அறுத்து, செடியைத் தலைகீழாகப் போட்டுக் காயவிட வேண்டும். கறுத்த பழம் இருக்கும் கிளையை ஊருக்குள் கொண்டுவராதீர்கள். பறவை தின்று விதையை அடுத்த தெருவுக்கும் கொண்டுபோகும். குச்சியைப் பச்சையாக வளைத்தால் ஒடியும். மாதேஸ்வரன் மலையில் சோலிகர் பழங்குடியினர் இதைத் தண்ணீரில் வேகவைத்துப் பட்டையை உரித்துவிட்டுத்தான் நாற்காலியும் யானை உருவமும் செய்கிறார்கள்.

ஆகாயத்தாமரையிலும் கவனம் தேவை. கழிவுநீர் நிறைந்து 2017இலும் 2018இலும் தீப்பிடித்து எரிந்த பெல்லந்தூர் ஏரியை எல்லோருக்கும் நினைவிருக்கும். இந்தச் செடி தண்ணீரில் இருக்கும் உலோகங்களை இழுத்துவைத்துக்கொள்ளும். கழிவுநீர் கலக்கும் ஏரியில் எடுத்த தண்டில் சாப்பாட்டுத் தட்டு செய்யாதீர்கள், மிச்சத்தைக் கீரைப் பாத்திக்கு உரமாகவும் போடாதீர்கள். ஒரு துண்டு தண்டு நல்ல குளத்தில் விழுந்தாலே போதும், மறுபடி தழைத்துவிடும்.

கடைசியாக, பசையும் பூச்சும். இலை பளபளக்க வார்னிஷ் அடித்து, நைலான் நூலால் கட்டி, "மண்ணுக்கே திரும்பிவிடும்" என்று பெயர்ப்பலகை வைக்கிறார்கள். வார்னிஷ் அடித்த இலையைக் கறையான் தொடாது, நைலான் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் கிடக்கும். மைதாப் பசை நல்லதுதான். ஆனால் பைண்டிங் கடைக்காரர்களைப் பார்த்து அதில் மயில்துத்தம் கலக்காதீர்கள். பூச்சி வராது, உண்மை; அந்தத் தாமிர உப்பு மழையில் கரைந்து குளத்துக்குப் போனால் மீனுக்கு விஷம். நான் வேப்பிலை கொதித்த தண்ணீரில் மாவைக் காய்ச்சுகிறேன். திறந்தவெளியில் ஒரு மழைக்காலம் வரை பிடித்து நிற்கிறது. எனக்கு அவ்வளவு நாள் போதும்.