இரண்டடி மீன் தொட்டிக்கு வீட்டிலேயே ஒரு தொங்கும் சம்ப்

சம்ப் என்றதும் நம் ஊரில் பலருக்கு நினைவுக்கு வருவது வாசலில் மண்ணுக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிதான். மீன் வளர்ப்பவர்கள் சொல்லும் சம்ப் வேறு. தொட்டித் தண்ணீரை வெளியே எடுத்து, வடிகட்டி, திருப்பி அனுப்பும் இன்னொரு குட்டித் தொட்டி அது. பெரிய தொட்டிகளில் ஸ்டாண்டுக்குக் கீழே இருக்கும். பெரும்பாலும் கண்ணாடியில் ஓட்டை போட வேண்டியிருக்கும். டிவி ஸ்டாண்டு மேல் தொட்டி வைத்திருப்பவருக்கு அது ஆகிற காரியமில்லை. அதனால் பெட்டியைத் தொட்டியின் முதுகில் மாட்டிவிடுகிறோம்.

வேலை செய்யும் விதம் எளிது. தொட்டிக்குள் இருக்கும் மோட்டார் தண்ணீரைப் பெட்டிக்கு ஏற்றும். ஸ்பான்ஜையும் செராமிக் ரிங்கையும் (நல்ல பாக்டீரியா குடியேறும் சின்ன வளையங்கள்) தாண்டி வரும் தண்ணீர், தானாக வழிந்து தொட்டிக்கே திரும்பும். தப்பு நடக்க ஒரே ஒரு இடம்தான் உண்டு: வழியும் ஓட்டை. என் முதல் பெட்டியில் ஒரே ஓட்டை, மோட்டாரோ தொட்டியின் அடியில். ஒரு ராத்திரி இலை ஒன்று ஓட்டையில் அடைத்துக்கொண்டது. காலையில் ஹால் முழுக்கத் தண்ணீர். தொட்டியில் இரண்டு விரற்கடை ஆழத்தில் மீன்கள் படுத்தவாக்கில் நீந்திக்கொண்டிருந்தன. கீழே சொல்லும் அளவுகள் அதற்குப் பிறகு வந்தவை.

வாங்க வேண்டியவை

என் தொட்டி 60×30×30 செ.மீ. முழுக்க நிரப்பினால் 54 லிட்டர். மணலும் கல்லும் போக 45 லிட்டர் என்று வையுங்கள். மணிக்கு நான்கைந்து தடவை தண்ணீர் சுற்றினால் போதும். உயரம் ஏற்றும்போது மோட்டாரின் வேகம் குறையும் என்பதால், மணிக்கு 300 முதல் 400 லிட்டர் என்று போட்டிருக்கும் சின்ன மோட்டார் சரியாக இருக்கும்.

பெட்டிக்கு, மளிகைச் சாமான் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் டப்பா போதும்: நீளம் 20, அகலம் 12, உயரம் 16 செ.மீ. பக்கங்கள் தட்டையாக இருக்க வேண்டும். வரிவரியாக மேடு பள்ளம் இருந்தால் வாஷர் உட்காராது, ஒழுகும்.

ஹார்டுவேர் கடையில் ¾ அங்குல டேங்க் நிப்பிள் இரண்டு (ஓட்டையில் மாட்டி இறுக்கும் குழாய் இணைப்பு, ரப்பர் வாஷரோடு), அதற்கேற்ற குழாய்த் துண்டு, எல்போ இரண்டு, ஒரு அங்குல அகலமும் 3 மி.மீ. கனமும் உள்ள அலுமினியப் பட்டை ஒரு மீட்டர். மீன் கடையில் மோட்டார், அதற்கு ட்யூப், கரடுமுரடான ஸ்பான்ஜ், செராமிக் ரிங் அரை கிலோ. சென்னைக்காரர்கள் கொளத்தூர்ப் பக்கம் ஒரு நடை போனால் மீன் கடைச் சாமான் எல்லாம் ஒரே தெருவில் முடிந்துவிடும்.

சிலிகான் பசை வாங்க வேண்டாம். இந்த டப்பாக்கள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். அதில் சிலிகான் ஒட்டவே ஒட்டாது. ஒட்டிய மாதிரி இருக்கும், ஒரு வாரத்தில் தோல் உரிவதுபோல் வந்துவிடும்.

ஓட்டை போடுவது

டப்பாவின் நீளமான ஒரு பக்கத்தில் இரண்டு ஓட்டை. முதலாவதன் மையம் மேல் விளிம்பிலிருந்து 6 செ.மீ. கீழே, ஓரமாக. இரண்டாவது 4 செ.மீ. கீழே, முதலாவதிலிருந்து நன்றாகத் தள்ளி. முதல் குழாய் நிறைந்து முடியும் உயரத்தில் இரண்டாவதன் வாய் தொடங்கும். சாதாரண நாளில் அதில் ஒரு சொட்டுகூட வராது. முதலாவது அடைத்தால் அதுதான் காப்பாற்றும்.

ஓட்டையின் அளவு சுமார் 27 மி.மீ. பிளம்பரிடம் ஹோல்சா (ட்ரில்லில் மாட்டி வட்டமாக வெட்டும் பிளேடு) இருந்தால் இரண்டு நிமிட வேலை. இல்லையென்றால் வட்டம் வரைந்து, சால்டரிங் அயர்னால் கோட்டின் உள்பக்கமாகப் பொத்தல் போட்டு, கத்தியால் வெட்டிச் சீவுங்கள். புகை நாறும், மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளுங்கள். நிப்பிளைக் கையால் இறுக்கி, அப்புறம் ஸ்பானரால் கால் சுற்று. அதற்கு மேல் இறுக்கினால் டப்பா விரிசல் விடும்.

மாட்டுவது

அலுமினியப் பட்டையை இரண்டாக வெட்டுங்கள். ஒவ்வொன்றும் கண்ணாடி விளிம்பில் கொக்கியாக மாட்டி, வெளிப்பக்கம் 7.5 செ.மீ. இறங்கி, டப்பாவுக்கு அடியில் 12 செ.மீ. போய், பின்னால் 5 செ.மீ. ஏற வேண்டும். கண்ணாடியில் படும் இடமெல்லாம் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றுங்கள். தண்ணீரோடு பெட்டி மூன்று கிலோ வரும், வெறும் உலோகம் கண்ணாடியை அழுத்தக் கூடாது. பெட்டியின் பாதி தொட்டி விளிம்புக்கு மேலே நிற்கும்; குழாய்கள் விளிம்பைத் தாண்டி உள்ளே போக அந்த உயரம் வேண்டும். முனையில் எல்போவைக் கீழ்நோக்கிப் போடுங்கள்.

உள்ளே ஒட்டு வேலையே இல்லை. வழியும் குழாய்க்கு எதிர் ஓரத்தில் மோட்டார் ட்யூப். அடுத்து, டப்பாவின் அகலத்துக்குக் கொஞ்சம் பெரிதாக வெட்டிய ஸ்பான்ஜைச் செங்குத்தாகத் திணியுங்கள். அதன் பின்னால் செராமிக் ரிங், வெங்காய வலைப்பையில் கட்டி.

ட்யூபின் முனை பெட்டித் தண்ணீருக்கு மேலேயே நிற்கட்டும். மூழ்கியிருந்தால் கரண்ட் போனதும் பெட்டித் தண்ணீர் மோட்டார் வழியாகத் தொட்டிக்கு இறங்கிவிடும்.

மோட்டாரைத் தொட்டித் தண்ணீரின் மேல்மட்டத்திலிருந்து 6 செ.மீ. ஆழத்தில் பொருத்துங்கள். இந்தத் தொட்டியில் ஒரு செ.மீ. என்பது 1.8 லிட்டர். எல்லாமே கெட்டுப்போனாலும் ஒரு குடம் தண்ணீரோடு மோட்டார் காற்றை இழுக்கத் தொடங்கிவிடும். வெயில் காலத்தில் தண்ணீர் வற்றினால் அந்தக் காற்றிழுக்கும் சத்தம்தான் ஊற்றச் சொல்லும் மணி. மோட்டார் வாயில் ஒரு துண்டு ஸ்பான்ஜ், குட்டி மீன்களுக்காக.

சோதனை

முதலில் குளியலறையில் வாளியின் மேல் வைத்து ஒரு நாள் ஓட்டுங்கள். பெருவிரலால் முதல் ஓட்டையை அடைத்துப் பாருங்கள். இரண்டாவதில் முழுத் தண்ணீரும் போக வேண்டும். தண்ணீர் பெட்டியின் விளிம்பை எட்டினால் உங்கள் மோட்டார் பெரியது, வேகத்தைக் குறையுங்கள். ஸ்விட்சை அணைத்து ஐந்து நிமிடம் பாருங்கள், பெட்டியில் மட்டம் முதல் ஓட்டையோடு நிற்க வேண்டும்.

தொட்டியில் மாட்டும்போது வயர், பிளக் பாயிண்டுக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு ஏறட்டும். வழியும் சொட்டு அங்கேயே விழுந்துவிடும். தண்ணீருக்குள் கை விடும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள்.

பழைய ஃபில்டர் இருந்தால் உடனே கழற்றாதீர்கள். மீன் கழிவில் உண்டாகும் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா புது ரிங்கில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், அதுவரை இரண்டும் ஓடட்டும். ஸ்பான்ஜைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து அலசுங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின் அந்தப் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். அலசும் நாளில் இரண்டாவது ஓட்டைக்குள்ளும் ஒரு விரலை விட்டுப் பாருங்கள். என் வீட்டில் ஒருமுறை அதற்குள் ஒரு நத்தை குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.