அலர்ஜி அவசர ஊசியைக் கட்டுப்படியாகும் செலவில் பெறுவது எப்படி? பினாங்கில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இறால் சாப்பிட்டால் உதடு வீங்கும், மூச்சு முட்டும் என்று தெரிந்தும் பிரிட்டோன் என்ற சாதாரண அலர்ஜி மாத்திரை ஒரு அட்டையை மட்டும் நம்பி இருக்கும் குடும்பங்கள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. அவர்களுக்கு அக்கறை இல்லாமல் இல்லை. "அந்தப் பேனா ஊசி ரொம்ப விலையாம், நமக்குக் கட்டாது" என்று யாரோ சொல்லியிருப்பார்கள், அதோடு விசாரிப்பதையே விட்டிருப்பார்கள். இன்சூரன்ஸ் இல்லாதவர்களும், இருந்தும் அதில் மருந்துச் செலவு சேராதவர்களும் என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

பினாங்கில் இது இன்னும் முக்கியம். அசாம் லக்சாவில் இறால் பேஸ்ட் இருக்கும், சம்பலில் பெலாச்சான் (அதுவும் இறால் பேஸ்ட்தான்) இருக்கும், ரோஜாக்கில் வேர்க்கடலை இருக்கும். கண்ணுக்குத் தெரியாமலே வயிற்றுக்குள் போய்விடும்.

படி 1: எதற்கு விலை என்று தெரிந்துகொள்ளுங்கள்

உடல் முழுதும் பாய்ந்து, மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் தாக்கும் கடுமையான அலர்ஜிக்கு அனாஃபிலாக்சிஸ் என்று பெயர். அதற்கு முதல் மருந்து அட்ரினலின். பிரிட்டோன், செட்டிரிசின், லொரட்டாடின் எல்லாம் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், அவ்வளவுதான். அடைபடும் மூச்சுக்குழாயை அவை திறக்காது, விழும் ரத்த அழுத்தத்தைத் தூக்காது.

அட்ரினலின் பழைய மருந்து. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. சிறிய கண்ணாடி ஆம்பூலில் வரும் அட்ரினலின் மலிவானது, எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும் இருக்கும். விலையை ஏற்றுவது அதைச் சுற்றியுள்ள கருவிதான். அழுத்தினால் சரியான அளவை ஊசி தானே செலுத்தும் பேனா அது. எபிபென் என்பது அதில் பிரபலமான ஒரு பிராண்ட். அமெரிக்காவில் 2007இல் இரண்டு பேனாக்கள் சுமார் 100 டாலருக்குக் கிடைத்தன. 2016இல் அதே பெட்டி 600 டாலரைத் தொட்டு, நாடாளுமன்றம் வரை பிரச்சினை போனது. உள்ளே இருந்த மருந்து மாறவே இல்லை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், டாக்டரிடம் போகும்போது "பேனா வாங்க வசதி இல்லை" என்று சொல்லிப் பேச்சை முடிக்காமல், "அட்ரினலினை நாங்கள் எந்த வடிவத்தில் வைத்துக்கொள்ளலாம்?" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பல பதில்கள் உண்டு.

படி 2: அரசாங்க வழியில் ஒரு பதிவை உருவாக்குங்கள்

கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசாங்கச் சுகாதார கிளினிக்கிற்குப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). என்ன சாப்பிட்டபோது, எத்தனை நிமிடத்தில், என்ன நடந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வீங்கிய முகத்தைப் போனில் படம் எடுத்திருந்தால் அதையும் காட்டுங்கள். முன்பு அவசரப் பிரிவில் சேர்த்திருந்தால் அந்த டிஸ்சார்ஜ் தாள் மிக முக்கியம். பிறகு சிறப்பு மருத்துவரிடம் அனுப்பக் கடிதம் கேளுங்கள். தீவில் இருப்பவர்களுக்கு பினாங்கு பெரிய மருத்துவமனை, பெருநிலத்தில் இருப்பவர்களுக்கு செபராங் ஜெயா மருத்துவமனை. சிறப்பு மருத்துவர் கிளினிக்கிற்குக் குடிமக்கள் கட்டுவது 5 வெள்ளி. தனியார் கிளினிக்கிலிருந்து கடிதம் கொண்டுபோனால் கட்டணம் கூடும், அதனால் வசதி குறைந்தவர்கள் கிளினிக் கெசிஹாத்தான் வழியாகப் போவதே நல்லது.

காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் பின்னால் வரும் எல்லா உதவிக்கும் அடிப்படை இந்தப் பதிவுதான்.

படி 3: சீட்டு எழுதும்போதே சிக்கனம் பாருங்கள்

பேனா பெரும்பாலும் இரண்டு அளவுகளில் வரும்: 0.15 மில்லிகிராம், 0.3 மில்லிகிராம். சிறியது பொதுவாக 15 முதல் 30 கிலோ வரையுள்ள குழந்தைகளுக்கு. ஆனால் பல நாடுகளின் வழிகாட்டிகள் 25 கிலோவிலேயே 0.3க்கு மாறச் சொல்கின்றன. உங்கள் பிள்ளை 24, 25 கிலோவில் இருந்தால், "நேராகப் பெரிய அளவுக்குப் போகலாமா டாக்டர்?" என்று கேளுங்கள். சில மாதத்தில் மறுபடி வாங்குவது மிச்சமாகும்.

இரண்டு பேனா வைத்திருப்பதுதான் சரியான முறை. முதல் ஊசி போட்டு 5 முதல் 15 நிமிடத்தில் நிலைமை தேறவில்லை என்றால் இரண்டாவது தேவைப்படும். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அதை டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. மருத்துவமனையிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் ஜார்ஜ்டவுனில் இருப்பவரையும், பாலேக் பூலாவ் மலைச்சாலையைத் தாண்டி வர வேண்டியவரையும், நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் இருப்பவரையும் டாக்டர் ஒரே மாதிரி பார்க்க முடியாது. வீடு எங்கே, வண்டி இருக்கிறதா என்று சொன்னால்தான் அவர் சரியாகத் திட்டம் போடுவார்.

அவசரத் திட்டத்தை மலாயில் எழுதி வாங்குங்கள். ஆசிரியர், பஸ் ஓட்டுநர், ஆம்புலன்ஸ் ஊழியர் என்று யார் கையில் போனாலும் படிக்க முடியும்.

படி 4: பணம் எங்கிருந்து வரும்?

இந்த இடத்தில்தான் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், மருத்துவமனையின் மருந்தகமே உங்களுக்குப் பேனாவைத் தர முடியுமா என்று கேளுங்கள். தந்தால் வேலை முடிந்தது. முடியாது என்றால், அடுத்துப் போக வேண்டிய இடம் அதே மருத்துவமனையில் உள்ள மருத்துவச் சமூகப் பணித்துறை. மலாயில் கெர்ஜா சோசியல் பெருபாத்தான். நம் ஆட்களில் பலருக்கு இப்படி ஓர் அறை இருப்பதே தெரியாது. சுகாதார அமைச்சின் தாபோங் பந்துவான் பெருபாத்தான் என்ற மருத்துவ உதவி நிதிக்கு இவர்கள் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அரசாங்க மருத்துவமனை நேரடியாகக் கொடுக்காத மருந்துக்கும் கருவிக்கும் வசதியற்ற குடிமக்களுக்கு உதவ ஏற்படுத்திய நிதி அது. நீங்களாகப் போய் நிற்பதைவிட, சிகிச்சை தரும் டாக்டரே அங்கே அனுப்பினால் வேலை வேகமாக நடக்கும். "டாக்டர், சமூகப் பணி அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுக்க முடியுமா?" என்று கேட்டால் போதும். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, வீட்டு வாடகை, மின்சார பில், பிள்ளைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றின் நகல்களை ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். கையில் சம்பளச் சீட்டு இல்லாத நாள்கூலி வேலை என்றால், வருமானத்தை உறுதி செய்யும் கடிதம் யாரிடம் வாங்கலாம் என்று அந்த அதிகாரியே சொல்வார்.

வேலை செய்பவர்கள் கம்பெனியையும் கேளுங்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் பலருக்கு பேனல் கிளினிக் வசதி, அதாவது கம்பெனி செலவில் பார்க்கும் தனியார் கிளினிக், உண்டு. மெடிக்கல் கார்டு பெரும்பாலும் வார்டில் சேர்ந்தால்தான் பணம் தரும், வெளியில் வாங்கும் மருந்துக்குத் தராது. பேனல் கிளினிக் கணக்கு அப்படியில்லை, அதற்கு ஆண்டு வரம்பு இருக்கும். பேனாவை அதில் சேர்க்க முடியுமா என்று மனிதவளப் பிரிவுக்கு மருந்துச் சீட்டோடு எழுத்தில் கேளுங்கள். வேலையின்போது குளவியோ தேனீயோ கொட்டித்தான் இந்த அலர்ஜியே தெரியவந்தது என்றால், அதை வேலையிட விபத்தாக சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பதியச் சொல்லுங்கள். தோட்ட வேலை, புல் வெட்டும் வேலை செய்பவர்களுக்கு இது பொருந்தும். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சொக்சோவின் வேலையிட விபத்துத் திட்டத்தில் இருக்கிறார்கள்.

உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்திலும் மருத்துவ உதவி கேட்டு மனு கொடுக்கலாம். தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் ஜகாத் நிதியை நிர்வகிக்கும் ஜகாத் பினாங்கிடம் விண்ணப்பிக்கலாம். எங்கே கேட்டாலும் மூன்று தாள் கையில் இருக்கட்டும்: டாக்டரின் கடிதம், மருந்துச் சீட்டு, மருந்தகத்தில் எழுதி வாங்கிய விலை. தொகை தெளிவாக இருந்தால் கொடுப்பவருக்கு முடிவெடுப்பது சுலபம்.

தமிழ்நாட்டிலிருந்து வந்து உணவகங்களிலும் முடிதிருத்தும் கடைகளிலும் வேலை செய்யும் தம்பிகளுக்கு: அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணம் வேறு, அது அதிகம். முதலாளி எடுத்திருக்கும் காப்புறுதி வார்டில் சேரும் செலவுக்குத்தான் பெரும்பாலும் உதவும். அதனால் பேனாவுக்கு முதலாளியிடம் நேரடியாகப் பேச வேண்டியிருக்கும். சமையலறையில் நாள் முழுதும் இறால் உரிப்பவருக்கு இறால் அலர்ஜி என்றால், வேலையை மாற்றித் தருவதே முதல் மருந்து, அதற்குச் செலவும் இல்லை. யூஎன்எச்சிஆர் (ஐ.நா. அகதிகள் அமைப்பு) அட்டை வைத்திருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி தள்ளுபடி உண்டு. அட்டையைப் பதிவு செய்யும்போதே காட்டுங்கள். மூச்சு முட்டும் நேரத்தில் பணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். முதலில் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

படி 5: சொந்தப் பணத்தில் வாங்குவதானால்

2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பது சட்டம். கூச்சமில்லாமல் விலை கேளுங்கள். இரண்டு மூன்று இடத்துக்குப் போன் போட்டால் வித்தியாசம் தெரியும். எல்லாக் கடையிலும் இருப்பு இருக்காது, சொல்லி வைத்து வாங்க வேண்டியிருக்கும்.

விலையோடு காலாவதித் தேதியையும் கேளுங்கள். பேனாவின் ஆயுள் பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுதான். கணக்குக்காக 400 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இன்னும் 16 மாதம் இருந்தால் மாதத்துக்கு 25 வெள்ளி. 8 மாதம்தான் இருந்தால் 50 வெள்ளி. கொஞ்சம் விலை கூடினாலும் தேதி நீளமாக உள்ள பேனாதான் லாபம்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். பதிவு செய்த மருந்தின் பெட்டியில் MAL என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கும். வெயிலில் லாரியில் கிடந்து வந்த ஊசியை நம்ப முடியாது.

படி 6: பேனா கிடைக்கவே இல்லை என்றால்

ஆம்பூலும் சிரிஞ்சும் கொண்ட பெட்டி ஒன்றை டாக்டரே தயார் செய்து தரலாம். பேனா கிடைக்காத, கட்டுப்படியாகாத நாடுகளில் இது நடைமுறையில் உள்ள வழி. ஆனால் இதன் குறையையும் தெரிந்துகொள்ள வேண்டும். கனடாவில் 2001இல் வெளியான ஓர் ஆய்வில், ஆம்பூலை உடைத்துக் குழந்தைக்கான அளவை உறிஞ்ச பெற்றோருக்குச் சராசரியாக இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது, நர்சுகளுக்கு அதில் சிறு பகுதி நேரமே. பெற்றோர் எடுத்த அளவும் தாறுமாறாக இருந்தது. ஆகவே பயிற்சி இல்லாமல் இந்தப் பெட்டியை வாங்கவே கூடாது.

ஆம்பூலில் 1 மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் மருந்து இருக்கும். அப்படியானால் 0.3 மில்லிகிராம் என்பது 0.3 மில்லிலிட்டர். உங்களுக்கான கோட்டை 1 மில்லி சிரிஞ்சில் டாக்டரே மார்க்கரால் குறித்துத் தரட்டும். வீட்டில் பாட்டியின் இன்சுலின் சிரிஞ்ச் இருக்கிறதே என்று அதை எடுத்துவிடாதீர்கள். அதன் ஊசி குட்டை, தசை வரை போகாது. கோடுகளும் யூனிட் கணக்கில் இருப்பதால் அளவு தவறிவிடும்.

முன்கூட்டியே சிரிஞ்சில் நிரப்பி வைக்கும் முறையும் உண்டு. ஒளியும் வெப்பமும் படாமல் வைத்தால் மூன்று மாதம் வரை வீரியம் நிற்பதாகச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் ஊர் வெக்கையில் எவ்வளவு நாளைக்கு ஒருமுறை மாற்றுவது என்பதை மருத்துவமனை மருந்தாளரிடம் கேட்டு, அந்தத் தேதியைச் சிரிஞ்சின் மேலேயே ஒட்டுங்கள்.

படி 7: வாங்கியதைக் கெடாமல் வைத்திருங்கள்

காருக்குள் வைக்காதீர்கள். பிரிட்ஜிலும் வேண்டாம். ஆளோடு கூடவே போகும் பையில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை பேனாவில் உள்ள சிறு கண்ணாடிச் சாளரம் வழியாக மருந்தைப் பாருங்கள். மருந்து தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டும். பழுப்பாகவோ கலங்கலாகவோ இருந்தால் மாற்றியாக வேண்டும்.

தேதி முடிந்த பேனாவைப் புதியது கைக்கு வரும்வரை தூக்கி எறியாதீர்கள். காலாவதியான பல பேனாக்களில் மருந்தின் பெரும்பகுதி அப்படியே இருந்ததை அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. வேறு எதுவுமே இல்லாத நேரத்தில், தெளிவாக இருக்கும் பழைய பேனா வெறுங்கையைவிட மேல்.

படி 8: போடும் நேரம்

உணவு உண்டோ பூச்சி கொட்டியோ சிறிது நேரத்தில் மூச்சு முட்டல், குரல் கம்மல், தலைசுற்றல், விடாத வாந்தி என்று தொடங்கினால் காத்திருக்க வேண்டாம். தொடையின் வெளிப்பக்க நடுவில், உடைக்கு மேலாகவே குத்தலாம். எபிபென் என்றால் நீல மூடியைக் கழற்றி, ஆரஞ்சு முனையைத் தொடையில் அழுத்தி மூன்று விநாடி பிடியுங்கள். ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு விடச் சிரமம் என்றால் உட்கார்ந்திருக்கட்டும். எழுந்து நடக்க விடாதீர்கள். 999க்கு அழைத்து, ஊசி போட்ட நேரத்தைச் சொல்லுங்கள்.

தேறிவிட்டது போலத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். சில மணி நேரம் கழித்து மறுபடி தாக்கலாம், அதனால்தான் அங்கே கண்காணிப்பில் வைப்பார்கள். பயன்படுத்திய பேனாவையும் எடுத்துப் போங்கள். டிஸ்சார்ஜ் தாளில் அனாஃபிலாக்சிஸ் என்றும், எதனால் வந்தது என்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதே இடத்திலேயே அடுத்த பேனாவுக்கான சீட்டையும் சமூகப் பணி அதிகாரிக்கான கடிதத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.