ஷூ பெட்டியில் கிடக்கும் பழைய பிளேஸ்டேஷன் டிஸ்க்குகளைக் காப்பாற்றுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருந்த மாமா வீட்டைக் காலி செய்தபோது அலமாரிக்கு மேலே ஒரு ஷூ பெட்டி கிடைத்தது. உள்ளே பிளேஸ்டேஷன் 1, 2, 3 டிஸ்க்குகள் கலந்து கிடந்தன, கூடவே இரண்டு மெமரி கார்டு. சின்ன வயதில் மாமா பிள்ளைகளும் நானும் கன்ட்ரோலருக்காகச் சண்டை போட்டுக்கொண்டு ஆடியவை. கடலோர ஊரின் ஈரக்காற்றில் சில டிஸ்க்குகளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அன்றே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கணினிக்கு ஏற்ற ஆரம்பித்தேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கணினியில் கோப்பை நகலெடுத்து ஒட்டத் தெரிந்தால் போதும், உங்களாலும் முடியும்.

"எல்லாம் ஆன்லைனில் கிடைக்குமே" என்று தம்பி கேட்டான். கிடைக்காது. அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்க வழியில்லாதவை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நின்டெண்டோவின் வீ கன்சோலுக்கான ஆன்லைன் கடை 2019 ஜனவரியில் மூடப்பட்டது, அதே நிறுவனத்தின் 3டிஎஸ், வீ யூ கன்சோல்களின் கடைகள் 2023 மார்ச்சில். கையில் டிஸ்க் இருப்பவர்தான் இப்போது காப்பாளர்.

சட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் 1978-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், கணினி நிரலை முறையாக வைத்திருப்பவர் தன் சொந்தத் தேவைக்குக் காப்பு நகல் எடுக்க இடம் தருகிறது. டிஸ்க்கை விற்றாலோ யாருக்காவது கொடுத்தாலோ அந்த நகலையும் அழித்துவிட வேண்டும். ஆக, நம் டிஸ்க், நம் நகல், நம் வீட்டுக்குள். அடுத்தவருக்கு அனுப்புவது வேறு கதை, அதற்குள் நாம் போக வேண்டாம்.

முதலில் டிஸ்க்கைத் திருப்பிப் பாருங்கள்

அடிப்பக்கம் கறுப்பாக இருந்தால் பிளேஸ்டேஷன் 1. அது சிடி. நீலமாக இருந்தால் பிளேஸ்டேஷன் 2-இன் ஆரம்பகால சிடி. வெள்ளியாக இருந்து, மேலே பிளேஸ்டேஷன் 2 என்று போட்டிருந்தால் டிவிடி. இதைத் தெரிந்துகொண்டால்தான் எந்த வகைக் கோப்பாக எடுப்பது என்று முடிவு செய்ய முடியும். பிளேஸ்டேஷன் 3 டிஸ்க் ப்ளூ-ரே, அதில் உள்ளவை குறியாக்கம் செய்யப்பட்டவை. புதிதாகத் தொடங்குபவர்கள் அதை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கலாம்.

துடைக்கும்போது வட்டமாகத் துடைக்கவே கூடாது. நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் இழுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய மைக்ரோஃபைபர் துணி, அவ்வளவுதான். சிடியில் படம் அச்சிட்ட மேல்பக்கத்தையும் கவனமாகத் தொடுங்கள். தகவல் இருக்கும் அடுக்கு அந்த அச்சுக்குக் கீழேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே ஆழமாகக் கீறினால் எந்த மெருகும் காப்பாற்றாது. டிவிடியில் அந்த அடுக்கு இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் கொஞ்சம் பயமில்லை.

ஐஎஸ்ஓவா (ISO), பின்-க்யூவா (BIN/CUE)?

இரண்டும் டிஸ்க்கின் நகலைச் சேமிக்கும் கோப்பு வகைகள். புதியவர்கள் அதிகம் தவறு செய்யும் இடம் இதுதான், ஆகவே இங்கே கொஞ்சம் நிற்போம்.

ஒரு சிடி சின்னச் சின்னப் பகுதிகளாக எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பகுதியிலும் 2352 பைட். அதில் பொதுவாக 2048 பைட்தான் கோப்புத் தகவல், மிச்சம் அடையாளமும் பிழை திருத்தக் குறியீடுகளும். ஐஎஸ்ஓ கோப்பு அந்த 2048-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளும். டிவிடிக்கு இது போதும். பிளேஸ்டேஷன் 1 சிடிக்குப் போதாது. அதில் வீடியோவும் பேச்சும் வேறு மாதிரிப் பகுதிகளில், பிழை திருத்தத்துக்கான இடத்தையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சில கேம்களில் இசை தனி ஆடியோ டிராக்காகவே இருக்கும். வைப்அவுட் டிஸ்க்கைப் பழைய சிடி பிளேயரில் போட்டு இரண்டாவது டிராக்கிலிருந்து ஓட்டிப் பாருங்கள், பாட்டு கேட்கும். ஐஎஸ்ஓவாக எடுத்தால் அந்தப் பாட்டு கோப்பில் வராது, கேம் ஊமையாகிவிடும்.

அதனால் பிளேஸ்டேஷன் 1-க்கும் நீல சிடிக்கும் பின்-க்யூ, டிவிடிக்கு ஐஎஸ்ஓ. பின் கோப்பில் 2352 பைட்டும் அப்படியே இருக்கும். க்யூ என்பது ஒரு சின்ன உரைக் கோப்பு. நோட்பேடில் திறந்தால் நாலைந்து வரி தெரியும்: பின் கோப்பின் பெயர், டிராக் எண், அது தகவலா இசையா, எந்த நிமிடத்தில் தொடங்குகிறது. பின் கோப்பின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு க்யூவை மறந்தால் எதுவும் ஓடாது. நானே ஒரு முழு மாலையை இதில் தொலைத்தேன். பெயர் மாற்றினால் க்யூவுக்குள்ளும் அதே பெயரை எழுதிவிடுங்கள்.

எடுக்கும் முறை

விண்டோஸ் கணினி, டிவிடி டிரைவ், இம்ஜ்பர்ன் என்ற இலவச மென்பொருள். டிஸ்க்கைப் போட்டு, டிஸ்க்கிலிருந்து இமேஜ் கோப்பு (முழு டிஸ்க்கின் நகல்) உருவாக்கும் பொத்தானை அழுத்துங்கள். டிஸ்க்கைப் பார்த்து அதுவே பின்-க்யூவா ஐஎஸ்ஓவா என்று முடிவு செய்துகொள்ளும். படிக்கும் வேகத்தைக் குறைத்து வையுங்கள், சிடிக்கு 8 மடங்கு, டிவிடிக்கு 4 மடங்கு. அந்த வேகத்தில் முழு டிவிடிக்குக் கால் மணி நேரம் ஆகும். அவசரப்படுத்தினால் கீறல் உள்ள இடத்தில் டிரைவ் திணறும். பிழை என்று வந்தால் அதைத் தாண்டிப் போகச் சொல்லாதீர்கள். நிறுத்தி, மறுபடி துடைத்து, முடிந்தால் வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்ட டிஸ்க்கை இன்னொன்று சுலபமாகப் படித்ததைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

சரிபார்க்காத நகலை நகல் என்று சொல்ல மாட்டேன்

செவன்-ஜிப் (7-Zip) என்ற மென்பொருளை நிறுவியிருந்தால் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து எஸ்எச்ஏ-1 கணக்கிடலாம். 40 எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி வரும். கோப்பின் கைரேகை அது. உள்ளே ஒரே ஒரு பிட் மாறினாலும் வரி முழுக்க மாறிவிடும். அப்புறம், கேம் டிஸ்க்குகளின் இத்தகைய கைரேகைகளைப் பதிந்து வைத்திருக்கும் ரிடம்ப் (Redump) தளத்தில் உங்கள் டிஸ்க்கின் குறியீட்டைத் தேடுங்கள். நம் ஊரில் விற்ற டிஸ்க்குகள் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கானவை என்பதால் பெரும்பாலும் எஸ்எல்இஎஸ் அல்லது எஸ்சிஇஎஸ் என்று தொடங்கும். அங்கே உள்ள வரியும் உங்கள் வரியும் ஒன்றானால் உங்கள் நகல் அச்சு அசல். ஆடியோ டிராக் உள்ள சிடிகளில் ஒத்துப் போகாமல் இருக்கலாம். ஒவ்வொரு டிரைவும் ஆடியோவைச் சற்றே தள்ளிப் படிக்கும், அங்கே டிராக்குகளையும் தனித்தனியாகப் பதிந்து வைத்திருப்பார்கள். அதற்காகக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.

கன்சோலில் இருப்பதும் அப்டேட்டும்

பிளேஸ்டேஷன் 3-இல் பெரும்பாலான கேம் சேமிப்புகளை யூஎஸ்பி குச்சிக்கு நகலெடுக்கலாம். சேமிப்புப் பட்டியலில் முக்கோணப் பொத்தானை அழுத்தி நகலெடு என்று கொடுத்தால் போதும். சிஸ்டம் அப்டேட் செய்வதற்கு முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஒரு சனிக்கிழமை நான் செய்யவில்லை. அப்டேட் பாதியில் இருக்கும்போது லோட் ஷெடிங், வீடே இருட்டு. மின்சாரம் வந்த பிறகு திரை கறுப்பாகவே நின்றது. மாமா பிள்ளைகளின் சேமிப்பெல்லாம் அதற்குள்.

அந்த நிலைமை வந்தால் செய்ய வேண்டியது இது. கணினியில் யூஎஸ்பி குச்சியை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். அதில் பிஎஸ்3 என்ற ஃபோல்டர், அதற்குள் அப்டேட் என்ற ஃபோல்டர், இரண்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில். சோனி தளத்திலிருந்து சுமார் 200 எம்பி உள்ள பப் (PUP) என்ற அப்டேட் கோப்பை இறக்கி அதற்குள் வையுங்கள். அந்தக் கோப்பின் பெயரில் அப்டேட் என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி 'இ' (E) எழுத்து இருக்காது. பிழை என்று நினைத்து நீங்கள் சேர்த்துவிட்டால் கன்சோல் கண்டுகொள்ளாது.

பிறகு கன்சோலின் பவர் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். ஓடத் தொடங்கி, சில நொடியில் தானே அணையும். விடுங்கள். மறுபடி அழுத்திப் பிடியுங்கள், அடுத்தடுத்து இரண்டு பீப் கேட்டதும் விடுங்கள். கன்ட்ரோலரைக் கேபிளால் இணைத்தால் சேஃப் மோட் பட்டியல் வரும். 6-ஆவது வரி சிஸ்டம் அப்டேட், அதைத் தேர்ந்தெடுங்கள். 5-ஆவது வரியைத் தொடாதீர்கள், ஹார்டு டிஸ்க் முழுக்க அழிந்துவிடும். எனக்கு 6-ஆவது வரியே போதுமானதாக இருந்தது, சேமிப்பெல்லாம் பத்திரமாகத் திரும்பி வந்தன. இப்போது லோட் ஷெடிங் குறைந்திருக்கிறது, ஆனாலும் மழைக்கும் கேபிள் திருட்டுக்கும் மின்சாரம் போகிறது. யூபிஎஸ்ஸில் இணைக்காமல் நான் அப்டேட் தொடுவதில்லை.

எங்கே வைப்பது?

இரண்டு ஹார்டு டிஸ்க், இரண்டு ஊர். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனில் எத்தனை வீடுகள் சாமான்களோடு போயின என்று நமக்குத் தெரியும். என் இரண்டாவது நகல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் அக்கா வீட்டில் இருக்கிறது. தீபாவளிக்குப் போகும்போது செவன்-ஜிப்பில் எஸ்எச்ஏ-1 வரிகளை மறுபடி கணக்கிட்டுப் பழைய வரிகளோடு ஒப்பிடுகிறேன்.

ஒவ்வொரு கேம் ஃபோல்டரிலும் ஒரு உரைக் கோப்பு வையுங்கள். டிஸ்க் குறியீடு, எடுத்த தேதி, எந்த டிரைவ், எஸ்எச்ஏ-1 வரி. அதற்குக் கீழே, யாருடைய டிஸ்க் என்பதையும் எழுதுங்கள். கிரான் டூரிஸ்மோ 2 ஃபோல்டரில் நான் எழுதியிருப்பது: "இரண்டு டிஸ்க். மாமா வாங்கித் தந்தது. முதல் டிஸ்க்கின் மேல்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவில் 'தொடாதே' என்று எழுதியிருக்கிறது, அது பெரியண்ணன் கையெழுத்து."