தரை வீட்டில் முட்டைக்கோழி: குஞ்சு வாங்குவதிலிருந்து முதல் முட்டை வரை

"குஞ்சுக்கு அடியில கைய வச்சுப் பாரு. ஈரமா இருந்தா உடனே மாத்து." கம்பத்து (கிராமத்து) வீட்டில் கோழி வளர்த்த என் பெரியம்மா எனக்கு முதலில் சொல்லித்தந்தது இதுதான். நான் அப்போது படித்த வழிகாட்டிகள் எல்லாம் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. பக்கத்துக்குப் பக்கம் சூடு, சூடு என்றே இருக்கும். நம் ஊரான சிங்கப்பூரில் கோழியை வாட்டுவது ஈரமும் வெக்கையும்தான். அதை மனத்தில் வைத்தே இந்தச் செய்முறையை எழுதுகிறேன்.

முதலில் அனுமதி

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீடுகளில் கோழி வளர்க்க அனுமதி இல்லை. தரை வீடு என்றால், விற்பனைக்காக இல்லாமல் வீட்டுத் தேவைக்கு 10 பறவைகள் வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் காட்டுப் பறவைகள் உள்ளே வர முடியாத கூண்டில்தான் வைக்க வேண்டும். பறவைக் காய்ச்சலும் வெள்ளைக் கழிச்சலும் வெளிப்பறவைகள் வழியாக வரக்கூடியவை என்பதால் இந்த விதி. தொடங்கும் முன் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தில் இப்போதைய விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள். பக்கத்து மலேசியாவின் ஜொகூருக்குப் போய்வரும்போது நாலு குஞ்சு வாங்கி வரலாமே என்று நினைக்காதீர்கள். அனுமதி இல்லாமல் உயிருள்ள பறவையைக் கொண்டுவருவது குற்றம்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நாலு முதல் ஆறு குஞ்சுகள் போதும். கோழி கூட்டமாக வாழும் பறவை, அதனால் ஒன்றே ஒன்றை மட்டும் வளர்க்காதீர்கள். பெட்டைக் குஞ்சாகக் கேட்டு வாங்குங்கள். முட்டைக்குச் சேவல் தேவையில்லை. விடியற்காலை அது கூவினால் அண்டை வீட்டாரின் தூக்கம் கெடும்.

குஞ்சுப் பெட்டி

குஞ்சுகள் வருவதற்கு முந்தைய நாளே பெட்டி தயாராக இருக்க வேண்டும். உயரமான பிளாஸ்டிக் பெட்டி போதும். அடியில் மரச் சீவலை இரண்டு மூன்று அங்குலத்துக்குப் பரப்புங்கள். செய்தித்தாள் வேண்டாம். அது வழுக்கும், பிஞ்சுக் கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து குஞ்சு நிற்க முடியாமல் போய்விடும். மேலே கம்பிவலை மூடி போட்டுக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

முதல் வாரம் பெட்டிக்குள் ஏறத்தாழ 33 முதல் 35 டிகிரி வெப்பம் வேண்டும். அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். நம் ஊர்ப் பகல் வெப்பத்தில் இது சுலபம். எங்கள் வீட்டில் மூன்றாம் வாரத்திலிருந்து இரவில் மட்டும்தான் பல்பு எரிந்தது, ஐந்தாம் வாரத்தில் அதையும் எடுத்துவிட்டோம். பல்பை ஒரு மூலையில் மட்டும் தொங்கவிடுங்கள், மறுமூலை குளிர்ச்சியாக இருக்கட்டும். வெப்பமானியைவிடக் குஞ்சுகளே சரியாகச் சொல்லும். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர்கிறது. வாயைத் திறந்துகொண்டு மூலையில் ஒதுங்கினால் சூடு அதிகம். ஆங்காங்கே பரவிப் படுத்துக் 'கீச் கீச்' என்று மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் எல்லாம் சரி.

வந்தவுடன் ஒவ்வொரு குஞ்சின் அலகையும் தண்ணீரில் லேசாகத் தொட்டு எடுங்கள். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று அதற்குப் புரிந்துவிடும். ஆழமில்லாத தட்டில் கோலிக்குண்டுகளைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் குஞ்சு தவறி விழுந்தாலும் மூழ்காது.

தினமும் காலையில் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பின்பக்கம் பாருங்கள். எச்சம் ஒட்டிக் காய்ந்து அடைத்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து மெல்லத் துடைத்துவிடுங்கள். முதல் வாரத்தில் கவனிக்காமல் விட்டால் குஞ்சு இறந்துவிடும்.

இப்போது ஈரத்துக்கு வருகிறேன். என் முதல் தொகுப்பில் இரண்டு குஞ்சுகளை இழந்தேன். டிசம்பர் மழை, தண்ணீர்த் தட்டைச் சுற்றிச் சீவல் ஊறிக் கிடந்தது, நாளைக்கு மாற்றலாம் என்று விட்டுவிட்டேன். நான்காம் வாரத்தில் எச்சத்தில் இரத்தம் தெரிந்தது. அது ரத்தக் கழிச்சல். அதை உண்டாக்கும் ஒட்டுண்ணி ஈரமும் வெப்பமும் உள்ள படுக்கையில் வேகமாகப் பெருகும். மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளை அது அதிகம் தாக்கும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி, தலையைத் தொங்கப்போட்டு நிற்கும் குஞ்சைப் பார்த்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரை அழையுங்கள். மருந்து உண்டு, ஆனால் தாமதித்தால் பயன்படாது. அன்றிலிருந்து தண்ணீர்த் தட்டை ஒரு செங்கல்மேல் வைக்கிறேன், சிந்திய சீவலை அப்போதே அள்ளிவிடுகிறேன்.

தீவனம்

முதல் ஆறு முதல் எட்டு வாரம் 18 முதல் 20 சதவீதம் புரதம் உள்ள குஞ்சுத் தீவனம். அப்புறம் வளர் தீவனம். முட்டையிடத் தொடங்கும்போது முட்டைக்கோழித் தீவனம். அவசரப்பட்டு இதைச் சின்னக் கோழிக்குக் கொடுக்கக் கூடாது. அதிலுள்ள மிகுதியான கால்சியம் வளரும் கோழியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கீரைத்தண்டு, கங்கோங் கீரை, கொஞ்சம் நொய் என்று சாயங்காலம் போடலாம். அவகாடோவும் உப்புப் போட்ட சாப்பாடும் கூடாது. வெளித்தீனி போட்டால் சின்ன மணல்கற்களும் வையுங்கள், கோழிக்குப் பல் இல்லையே, அரைப்பதெல்லாம் இரைப்பையில்தான்.

பெரிய கூண்டு

ஆறு வாரத்தில் இறகு முளைத்துவிடும், வெளிக்கூண்டுக்கு மாற்றலாம். படுக்கும் இடத்தில் கோழிக்கு 4 சதுர அடி, நடமாடும் இடத்தில் 10 சதுர அடி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். படுக்கும் இடத்தைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டி, கூரையை இரண்டடி வெளியே நீட்டுங்கள். நம் ஊர் மழை சாய்ந்து அடிக்கும், குட்டைக் கூரை அதைத் தடுக்காது.

வலையில் காசைப் பார்க்காதீர்கள். அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைக்குமே தவிர, வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. அரை அங்குலச் சதுரக் கண் உள்ள பற்றவைத்த கம்பிவலை வாங்குங்கள். எலி, உடும்பு, முசாங் (மரநாய்), மலைப்பாம்பு எல்லாம் இங்கே குடியிருப்புப் பகுதிகளில் நடமாடுபவை. நடமாடும் இடத்து வலையின் கீழ்ப்பகுதியை ஓரடிக்கு மண்ணுக்குள் புதையுங்கள்.

உள்ளே ஏறி உட்காரக் கட்டை வேண்டும், கோழிக்கு 8 முதல் 10 அங்குல இடம். நாலு கோழிக்கு ஒரு முட்டைப் பெட்டி, ஓரடி நீளம், அகலம், உயரம். கட்டையைவிடத் தாழ்வாக வையுங்கள், இல்லையென்றால் பெட்டியிலேயே தூங்கி அசுத்தம் செய்யும்.

தண்ணீரைத் தினமும் கொட்டிக் கழுவி நிரப்புங்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு ஒரு வாரத்தில் பறந்துவிடும். மதியம் இறக்கையை விரித்து வாயால் மூச்சுவாங்கினால் கோழிக்கு வெக்கை தாங்கவில்லை என்று பொருள். நிழலும் குளிர்ந்த நீரும் கொடுங்கள். மின்விசிறி வைத்தால் இன்னும் நல்லது.

முட்டை

பழுப்பு நிறக் கலப்பினக் கோழி 18 வாரத்திலிருந்தே இடலாம். கம்பத்துக் கோழிக்கு ஆறு மாதமும் ஆகும். விடைக்கோழியின் கொண்டை சிவந்து பெரிதாகும், முதுகைத் தொட்டால் பணிந்து உட்காரும், பெட்டிகளை எட்டி எட்டிப் பார்க்கும், கேர ஆரம்பிக்கும். அப்போது தீவனத்தை மாற்றுங்கள், தனிக் கிண்ணத்தில் சிப்பித்தூள் வையுங்கள். ஓடில்லாத தோல்முட்டை தொடக்கத்தில் ஒன்றிரண்டு வரும். தொடர்ந்து வந்தால் கால்சியம் போதவில்லை என்று பொருள். ஒரு முட்டைக்கோழி நாளைக்கு 100 முதல் 120 கிராம் தின்னும்.

இங்கே ஆண்டு முழுக்கப் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம். 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் இருந்தால் முட்டை கூடும் என்று பலர் விளக்கு போடுகிறார்கள். நான் போடுவதில்லை. ஆறு கோழியும் எங்கள் வீட்டுக்குத் தேவையானதைவிட அதிகமாகவே இடுகின்றன, அவற்றுக்கும் ஓய்வு வேண்டும்.

முட்டையைக் காலை ஒருமுறை, பிற்பகல் ஒருமுறை எடுத்துவிடுங்கள். இந்த வெக்கையில் கிடந்தால் சீக்கிரம் கெடும். குவிந்து கிடந்தால் கோழி அடைக்கு உட்கார்ந்து, முட்டையிடுவதையும் நிறுத்திவிடும். எடுத்து முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பிள்ளைகளையும் கழுவச் சொல்லுங்கள்.