நானோ வடிகட்டியும் குடிநீரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடையில் வடிகட்டி வாங்கும்போது அட்டைப்பெட்டியில் ‘நானோ’ என்று அச்சிட்டிருந்தால், தண்ணீரில் உள்ள எல்லாக் கேடுகளையும் அது நீக்கிவிடும் என்று நம்புவதுதான் முதல் தவறு. மிக மிக நுண்ணிய துகள்களால் ஆன ஒவ்வொரு நானோ பொருளும் குறிப்பிட்ட ஒரு வேலைக்காகவே தயாரிக்கப்படுகிறது. 2009-ஆம் ஆண்டு டாடா குழுமம் அறிமுகப்படுத்திய ‘ஸ்வச்’ வடிகட்டியில் நெல் உமிச் சாம்பலின் மேல் நானோ வெள்ளி படிய வைக்கப்பட்டிருந்தது. அது கிருமிகளை ஒழிப்பதற்கானது. அத்தகைய வெள்ளித் துகள்கள் உப்பைக் குறைப்பதில்லை, ஃபுளோரைடையும் நீக்குவதில்லை. ஆகவே தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளில் வெள்ளி வடிகட்டியை மட்டும் நம்பினால், பல்லிலும் எலும்பிலும் வரும் பாதிப்பு நிற்காது. தண்ணீரைப் பரிசோதித்து, அதில் என்ன கலந்திருக்கிறது என்று அறிந்த பிறகே வடிகட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தண்ணீர் தெளிவாக இருப்பதைக் கண்டு ஏமாறுவது இதைவிடக் கொடிய தவறு. வங்காளதேசத்தில் வயிற்றுப்போக்கிலிருந்து மக்களைக் காப்பதற்காகப் பெரும் எண்ணிக்கையில் குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டபோது, அந்தத் தெளிந்த நீரில் ஆர்சனிக் என்ற நச்சுப்பொருள் இருக்கிறதா என்று சோதிக்கப்படவில்லை. ஆர்சனிக்குக்கு நிறமும் இல்லை, சுவையும் இல்லை. காய்ச்சினாலும் அது போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடவே செய்யும்.

ஆர்சனிக்கை நீக்க, சென்னை ஐஐடி பேராசிரியர் பிரதீப்பின் குழுவினர் ‘அம்ரித்’ என்ற தொழில்நுட்பத்தை உருவாக்கினர். இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசானுக்குள் மிக நுண்ணிய இரும்புச் சேர்மத் துகள்களைப் பொதிந்து வைக்கும் முறை இது. அத்துகள்களின் பரப்பில் ஆர்சனிக் ஒட்டிக்கொள்கிறது. இத்தகைய பொருள்களை ஆய்வகத்தில் தூய நீரில் சோதித்து, எவ்வளவு ஆர்சனிக்கைப் பிடிக்கும் என்று கிடைத்த அளவை அப்படியே கிராமத்து அடிகுழாய்க்கும் பொருத்திப் பார்ப்பவர்கள் உண்டு. அதுவும் தவறு. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் பாஸ்பேட்டும் சிலிக்காவும் இரும்புப் பரப்பில் அதே இடத்துக்குப் போட்டியிடுவதால், அங்கு வடிகட்டியின் ஆயுள் குறைந்துவிடும். தண்ணீரில் இரும்பு அதிகமிருந்தால், காற்றுப் பட்டவுடன் அது செம்மஞ்சள் வண்டலாகத் திரண்டு வடிகட்டிப் படுகையை மூடிவிடும். அங்கெல்லாம் முதலில் மணல் வடிகட்டி வைத்து, அதை அவ்வப்போது எதிர்த்திசையில் நீர் செலுத்திக் கழுவ வேண்டும். பராமரிப்புக்கு ஆள் இல்லாமல் கருவியை மட்டும் நிறுவிவிட்டுப் போவது, என் பார்வையில், தொழில்நுட்பத்தின் மேல் வீண் பழி விழவே வழி செய்கிறது.

ஆயுள் முடிந்த கேட்ரிட்ஜை, அதாவது வடிகட்டிக்குள் மாற்றிப் பொருத்தும் உறையை, தொடர்ந்து பயன்படுத்துவதுதான் வீடுகளில் அதிகம் நடப்பது. தண்ணீர் முன்போலவே தெளிவாக வருவதால் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. மொத்தம் 3,000 லிட்டர் நீரைச் சுத்திகரிக்கக்கூடிய கேட்ரிட்ஜ், நாளுக்கு 20 லிட்டர் எடுக்கும் வீட்டில் 150 நாள் வரும். 50 லிட்டர் எடுக்கும் கூட்டுக் குடும்பத்தில் 60 நாளில் தீர்ந்துவிடும். எனவே கணக்கு லிட்டரில் இருக்க வேண்டும், மாதத்தில் அல்ல. நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை வைத்து, கேட்ரிட்ஜின் ஆயுள் முடிந்ததைக் கண்டறியவும் முடியாது. குடிநீரில் ஆர்சனிக்கின் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதைப் போல ஐந்து மடங்கு இருந்தாலும், 300 என்று காட்டும் மீட்டரில் ஓர் எண்கூட நகராது. ஆர்சனிக்கைக் கண்டறியவென்று உள்ள களப் பரிசோதனைப் பெட்டியில், மாதிரி நீருடன் வேதிப்பொருள்களைச் சேர்த்து மூடியதும் எழும் வாயு, மேலே செருகிய வெள்ளைக் காகிதப் பட்டையை மஞ்சளாகவும், ஆர்சனிக் மிகுந்தால் பழுப்பாகவும் மாற்றும். அந்த வாயு நச்சுத்தன்மை உடையது என்பதால், காற்றோட்டமான இடத்தில் மட்டுமே இச்சோதனையைச் செய்ய வேண்டும்.

அவசரத்தில் குழாயை முழுதாகத் திறந்து வேகமாக நீர் எடுப்பதும் தவறே. வெள்ளி கிருமியைக் கொல்வதற்கும், ஆர்சனிக் பரப்பில் ஒட்டுவதற்கும் நேரம் தேவை.

கழித்த வடிகட்டிப் பொருளைக் குளக்கரையிலோ வயலிலோ கொட்டவே கூடாது. ஆயிரக்கணக்கான லிட்டரிலிருந்து பிடித்துவைத்த ஆர்சனிக் முழுவதும் அதில் இருக்கிறது. சேற்றில் காற்றில்லாத நிலையில் இரும்புச் சேர்மம் சிதையும்போது அது மீண்டும் நீரில் கலக்கும். வடிகட்டி வாங்கும்போதே, பழைய பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று விற்பவரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஊருக்குப் பொதுவான கருவியாக இருந்தால், கழிவை அபாயகரக் கழிவுகளைக் கையாளும் நிலையத்துக்கு அனுப்பும் பொறுப்பை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிட வேண்டும்.