பழைய பத்மினியை வெட்டும் முன்

போன மாதம் ஒரு தம்பி வாட்ஸப்பில் படம் அனுப்பியிருந்தார். பிரீமியர் பத்மினி கார். நாலு கதவையும் கழற்றியாச்சு, முன்னாலும் பின்னாலும் ஸ்டாண்ட் கொடுத்து நிறுத்தியிருக்கிறார், பக்கத்தில் தகடு வெட்டும் கிரைண்டர். "ரெண்டு பக்க ரன்னிங் போர்டும் துரு அண்ணே, இன்னைக்கே வெட்டிடறேன்." ரன்னிங் போர்டு என்றால் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகடு. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பத்து வருடத்துக்கு முன் நானும் இதே கோலத்தில்தான் நின்றேன்.

கழற்றும் முன் படம் எடுங்கள், நட்டு போல்ட்டைப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதை விடுகிறேன். செய்யக் கூடாத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

முட்டுக் கொடுக்காமல் ரன்னிங் போர்டை வெட்டுவது

நான் முதலில் கைவைத்தது சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதற்கு அடியில் தனிச் சேஸிஸ், அதாவது இரும்புச் சட்டம், உண்டு. பாரமெல்லாம் அதன் தலையில். ரன்னிங் போர்டு வெறும் போல்ட்டில் நிற்கும் தகடு. ஸ்பேனரால் கழற்றிப் புதுசை மாட்டினேன், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. அந்தத் தெம்பில்தான் பத்மினி வாங்கினேன்.

பத்மினி பியட் 1100 வழி வந்த வண்டி. அதில் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடிதான் எல்லாம். கதவுக்குக் கீழே ஓடும் அந்தப் பெட்டித் தகடு அழகுக்கு வைத்ததல்ல. வண்டி நடுவில் தொங்காமல் தாங்குவதே அதுதான். இது தெரியாமல் கதவுகளைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் ஒரே நாளில் வெட்டினேன். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. புதுத் தகடு வைத்து, வெல்டிங் முடித்து, பட்டி பார்த்து, பிரைமரும் அடித்தாச்சு. கதவை மாட்டினால் மேல் மூலை தூணில் இடிக்கிறது, கீழே விரல் நுழைகிற இடைவெளி! நடு தொங்கியதில் தூண்கள் மேலே நெருங்கிவிட்டன. தொங்கிய நிலையிலேயே வெல்டிங்கும் போட்டு இறுக்கிவிட்டேன்.

கீலைத்தான் குறை சொன்னேன். ரப்பர் மாற்றினேன், கதவைத் தட்டி வளைத்தேன். கடைசியில் வந்து பார்த்த டிங்கர் டேப்பை எடுத்துக் கதவு வாயின் மூலைக்கு மூலை அளந்து, என்னைப் பார்த்துச் சிரித்தார். போட்டதையெல்லாம் மறுபடி வெட்டினோம். நாலு மாதம், இன்னொரு ஜோடித் தகடு, இரண்டு மடங்கு கூலி. இப்போதும் பின்கதவு ஒன்று இரண்டாவது முறை சாத்தினால்தான் பூட்டும்.

ஆகவே, வெட்டும் முன் மூலைக்கு மூலை அளந்து சுவரில் எழுதுங்கள். ஒரு இன்ச் சதுரப் பைப்பைக் கதவு வாயின் குறுக்கே தற்காலிகமாக வெல்டிங் வையுங்கள். ஒரு பக்கம் முழுசாக முடியாமல் மறுபக்கத்தைத் தொடாதீர்கள். புதுத் தகட்டை முதலில் பொட்டுப் பொட்டாகப் பிடித்துவிட்டு, கதவை மாட்டிச் சாத்திப் பாருங்கள். சரியாக உட்கார்ந்தால் மட்டும் மீதி வெல்டிங். தகட்டின் அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டை இருக்கும். அதை அடைத்துவிட்டால் இதே வேலைக்கு மறுபடி வருவீர்கள்.

அந்தத் தம்பி இன்னும் வெட்டவில்லை. கதவைத் திரும்ப மாட்டிக்கொண்டிருக்கிறார்.

துருவின் மேல் பட்டி

ஒரு மழைக்காலம்தான் தாங்கும்.

பெட்ரோல் டேங்கில் வெல்டிங்

காலி டேங்க்தானே என்பார்கள். வெடிப்பது உள்ளே நிற்கும் ஆவி. நீங்கள் செய்யவே செய்யாதீர்கள்.

வருடக்கணக்கில் நின்ற எஞ்சினுக்கு நேராகச் செல்ப் அடிப்பது

பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் பொறுங்கள். பிறகு கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லையென்றால் இன்னும் பொறுங்கள்.

ஆர்.சி. அப்புறம் பார்த்துக்கலாம்

ஆர்.சி. இல்லாத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். 2021-இல் வந்த விதிப்படி 50 வயது தாண்டிய, மாற்றம் செய்யாத வண்டிக்கு, பழங்கால வண்டிகளுக்கென்றே உள்ள வி.ஏ. வரிசைப் பதிவு எண் வாங்கலாம். ஆனால் அந்த எண்ணில் அன்றாடம் ஓட்டக் கூடாது. ஆபீசுக்கு எடுத்துப் போகும் ஆசை இருந்தால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.