எஃப்எம்ஆர்ஐ ஆய்வுக்குப் போகும் முன் பெண்கள் செய்ய வேண்டியவை

எம்ஆர்ஐ அறையில் வேலை செய்பவள் நான். மாதவிடாய் வலி, மாதவிடாய்க்கு முந்தைய மனச்சோர்வு, மெனோபாஸ் பற்றிய ஆய்வுகளுக்காகப் பெண்களின் மூளைச் செயல்பாட்டைப் படமெடுக்கிறேன். இந்த வகை எம்ஆர்ஐக்குப் பெயர்தான் எஃப்எம்ஆர்ஐ. வருகிறவர்களிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "கடைசியா எப்போ பீரியட்ஸ் வந்தது?"

மாதவிடாய்ச் சுழற்சியின் ஹார்மோன்களான ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் ஏறி இறங்கும்போது மூளைப் பகுதிகள் சேர்ந்து இயங்கும் விதமும் மாறுகிறது. அமெரிக்காவில் ஒரே பெண்ணைத் தொடர்ந்து 30 நாள் படமெடுத்த ஆய்வு ஒன்று 2020-இல் இதைக் காட்டியது. தேதி தெரியாமல் எடுத்த படத்தை வைத்து என்ன சொல்ல முடியும்? அதனால் ரத்தப்போக்கு தொடங்கும் நாளை முதல் நாளாக வைத்து, இரண்டு மூன்று மாதமாவது குறித்து வாருங்கள். கருத்தடை மாத்திரை எடுத்தால் அதன் பெயரையும் சொல்லுங்கள். ஆய்வுக்காக நீங்களாக அதை நிறுத்த வேண்டாம்.

அப்புறம், கருத்தடைக்காகக் கருப்பையில் வைத்த சாதனம். இதைச் சொல்லப் பலர் கூச்சப்படுகிறார்கள், தயவுசெய்து சொல்லிவிடுங்கள். இப்போது பரவலாகப் போடும் காப்பர் டி பொதுவாகப் பிரச்சினை தராது. பழைய எஃகு வளையங்கள் காந்தத்துக்கு ஆகாது. கர்ப்பமாக இருக்கலாம் என்று சின்னச் சந்தேகம் இருந்தாலும் சொல்லுங்கள். ஊக்கு, கம்பி வைத்த பிரா, உலோக இழை கலந்த உள்ளாடை எல்லாம் வெளியிலேயே இருக்கட்டும்.

இந்த ஸ்கேனில் எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு கிடையாது, பெரும்பாலும் ஊசியும் கிடையாது. மூளை வேலை செய்யும் இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. அங்கே மாறும் ஆக்சிஜன் அளவைத்தான் கருவி பிடிக்கிறது. காபி மூளையின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், அதைத் திடீரென்று விட்டாலும் கணக்கு மாறும். எத்தனை மணி நேரத்துக்கு முன் நிறுத்துவது என்று ஆய்வுக்குழுவிடமே கேளுங்கள். வலி மாத்திரை போட்டிருந்தால் அதையும் மறைக்காதீர்கள்.

உள்ளே படுத்ததும் தலை அசையக் கூடாது. ஓரிரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே படம் கெடும். வயிறு இழுத்துப் பிடிக்கும் நாளில் கால் தானாக மடங்கும், கூடவே தலையும் நகரும். அதனால் தொடங்கும் முன்பே முழங்காலுக்கு அடியில் தலையணை கேளுங்கள். சத்தம் பலமாக இருக்கும், காதடைப்பான் தருவோம். தாங்க முடியாவிட்டால் கையிலுள்ள பந்தை அழுத்துங்கள், உடனே வெளியே எடுப்போம்.

எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய், இருக்கிறதா என்று இந்தப் படம் சொல்லாது. அதற்கு மகப்பேறு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் தற்செயலாக மூளையில் ஏதாவது தென்படலாம். தென்பட்டால் யார், எப்படித் தெரிவிப்பார்கள் என்று ஆய்வுக்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.